ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்: பிரிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. 2017ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தகுதியைப் பெறுவதில்லை.

நன்றாக இயங்கும் கணினியைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸை முழுவதுமாகக் கைவிடவும் எல்லாராலும் முடியாது. நம் சங்கங்களிலும் ஆலயங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆண்டறிக்கைகளும் சிறப்பு மலர்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் பழைய மென்பொருள்கள் விண்டோஸில்தான் ஓடும்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வன்தட்டைப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பது என்றால் என்ன?

குடும்ப நிலத்தைப் பாகம் பிரிப்பதைப் போன்றதுதான் இது. நிலம் ஒன்றே, எல்லைக்கல் நட்ட பிறகு அவரவர் பங்கில் அவரவர் வீடு கட்டிக்கொள்கிறார்கள். யாருடைய பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஓர் அட்டவணை சொல்கிறது. வன்தட்டிலும் அப்படி ஓர் அட்டவணை உண்டு.

அந்த அட்டவணையில் இரண்டு வகை. எம்பிஆர் என்பது 1983இல் டாஸ் காலத்தில் வந்தது. முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் அதில் இடமில்லை. வழக்கமான வன்தட்டுகளில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட பரப்பை அதனால் கையாளவும் முடியாது. ஜிபிடி என்பது புதியது. விண்டோஸில் 128 பிரிவுகள் வரை அது அனுமதிக்கிறது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த கணினிகள் பெரும்பாலும் ஜிபிடி வகையே.

உங்கள் கணினி எந்த வகை என்பதை அறிய, தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்ற செயலியைத் தேடித் திறந்து, ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘யூஇஎஃப்ஐ’ என்றிருந்தால் ஜிபிடி. ‘லெகசி’ என்றிருந்தால் எம்பிஆர்.

ஏற்கெனவே இருக்கும் சிறு பிரிவுகள்

விண்டோஸில் ‘சி’ டிரைவ் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் வேறு பிரிவுகளும் ஒளிந்திருக்கின்றன. யூஇஎஃப்ஐ கணினியில் முதலில் இருப்பது இஎஃப்ஐ பிரிவு. பெரும்பாலும் 100 மெகாபைட். கணினியைத் தொடக்கிவைக்கும் கோப்புகள் இதில்தான் இருக்கும். அடுத்து மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் 16 மெகாபைட். இறுதியில் மீட்புப் பிரிவு.

சிறியதாக இருக்கிறதே, தேவையில்லை போலும் என்று இவற்றை அழித்துவிட்டால் கணினி தொடங்காமலே போகலாம். இவற்றைத் தொடாதீர்கள்.

முதல் வேலை: காப்பு நகல்

இதை எழுதும் நான் இந்தப் பாடத்தைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் கற்றேன். தமிழ் ஆய்வேட்டுக்காகத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த பாட்டி ஒருவரின் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்து மடிக்கணினியில் வைத்திருந்தேன். ஓர் இரவு லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன். நிறுவியின் பட்டியலில் ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்பதற்குப் பதிலாக ‘வன்தட்டை அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எழுத்து வடிவில் குறித்துவைத்த பாடல்கள் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் ஆய்வேடு தப்பியது. குரல் தப்பவில்லை. மீண்டும் பதிவு செய்யலாம் என்று போனபோது பாட்டி இல்லை.

எனவே, பிரிக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன் படங்கள், ஆவணங்கள், ஒலிப்பதிவுகள் அனைத்தையும் வெளிப்புற வன்தட்டில் நகலெடுங்கள். நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப வேண்டாம்.

விண்டோஸில் மாற்ற வேண்டியவை

முதலில் பிட்லாக்கர். பல மடிக்கணினிகளில் வன்தட்டைப் பூட்டிவைக்கும் இந்த வசதி உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் இதைச் சரிபாருங்கள். இயங்கினால், 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வசதியை நிறுத்திவிடுங்கள். பூட்டு முழுவதும் நீங்கச் சிறிது நேரம் பிடிக்கும். மீட்பு எண் இல்லாமல் பிரிவுகளில் கைவைத்தால், உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாத நிலை வரலாம்.

இரண்டாவது, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. இது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் விண்டோஸ் பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையும். அதனால் லினக்ஸ் அப்பிரிவைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். கன்ட்ரோல் பேனலில் உள்ள பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதை நிறுத்தலாம்.

எவ்வளவு இடம்?

256 கிகாபைட் என்று விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் சுமார் 238 என்று காட்டும். கணக்கிடும் அலகில் உள்ள வேறுபாடுதான் காரணம், யாரும் ஏமாற்றவில்லை. அதை இப்படிப் பிரிக்கலாம்:

- விண்டோஸுக்குச் சுமார் 120 கிகாபைட்
- லினக்ஸுக்கு 50 கிகாபைட்
- இரண்டும் பகிர்ந்துகொள்ளும் கோப்புகளுக்கு 65 கிகாபைட்

மீதம் அந்தச் சிறு பிரிவுகளுக்குப் போய்விடும். உபுண்டு 24.04க்குக் குறைந்தது 25 கிகாபைட் இடம் தேவை. செயலிகளும் புதுப்பிப்புகளும் சேரச் சேர அது போதாமல் போகும் என்பதால் 50 வைப்பது நல்லது.

பகிர்வுப் பிரிவு எதற்கு? லினக்ஸ் தன் கோப்புகளை இஎக்ஸ்டி4 என்ற முறையில் அடுக்கிவைக்கிறது. விண்டோஸ் அதை நேரடியாகப் படிக்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் செய்யும். எனவே பொதுக் கோப்புகளை என்டிஎஃப்எஸ் பிரிவில் வைத்தால் எந்தப் பக்கமிருந்தும் திறக்கலாம்.

பிரிக்கும் முறை

விண்டோஸின் ‘சி’ டிரைவை விண்டோஸின் கருவியைக் கொண்டே சுருக்குவது பாதுகாப்பானது. தொடக்கப் பொத்தானில் வலச்சொடுக்கி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, ‘சி’ மீது வலச்சொடுக்கி ‘ஷ்ரிங்க் வால்யூம்’ தேர்ந்தெடுங்கள். அளவை மெகாபைட்டில் கேட்கும். 115 கிகாபைட் விடுவிக்க 117760 என்று கொடுங்கள்.

சில வேளைகளில், இடம் காலியாக இருந்தும் அவ்வளவு சுருக்க முடியாது என்று சொல்லும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவே கிடப்பதே காரணம். ஹைபர்னேஷன் வசதியையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மீண்டும் முயன்றால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

விடுவிக்கப்பட்ட பரப்பில் 65 கிகாபைட்டை, அதாவது 66560 மெகாபைட்டை, என்டிஎஃப்எஸ் பிரிவாக்குங்கள். மீதியை அப்படியே காலியாக விடுங்கள்; லினக்ஸ் நிறுவி அதை எடுத்துக்கொள்ளும்.

எம்பிஆர் கணினி வைத்திருப்போர் இந்தப் பகிர்வுப் பிரிவை இப்போது உருவாக்க வேண்டாம். நான்கு இடங்களும் நிரம்பிவிட்டால் லினக்ஸுக்கு வழியில்லை. ‘டைனமிக் டிஸ்க் ஆக மாற்றலாமா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அதில் லினக்ஸை நிறுவுவது பெரும் தலைவலி.

லினக்ஸ் நிறுவுதல்

8 கிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட விரலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மூலம் லினக்ஸை அதில் ஏற்றலாம். விரலியில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து, தயாரிப்பாளருக்கு ஏற்ப எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி விரலியிலிருந்து தொடங்குங்கள்.

உடனே நிறுவிவிட வேண்டாம். ‘முயன்று பார்’ என்ற தேர்வில் வைஃபை, ஒலி, திரை, தொடுபலகை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இந்த நிலையில் வன்தட்டில் எதுவும் மாறாது.

எல்லாம் சரியென்றால் நிறுவியைத் திறந்து, கைமுறைப் பிரிப்பைத் தேர்ந்தெடுங்கள். காலி இடத்தில் இஎக்ஸ்டி4 முறையில் ஒரு பிரிவை உருவாக்கி, சாய்கோட்டுக் குறியால் காட்டப்படும் மூலப் பகுதியாக அதை அமையுங்கள். ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பிரிவையே பயன்படுத்தச் சொல்லுங்கள். அதை ஃபார்மட் செய்யாதீர்கள். உபுண்டு ‘சுவாப்’ இடத்தைக் கோப்பாகவே உருவாக்கிக்கொள்வதால் அதற்குத் தனிப் பிரிவு தேவையில்லை.

‘நிறுவு’ என்பதை அழுத்துவதற்கு முன், என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு சுருக்கம் வரும். அதை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். நான் படிக்காமல் விட்டது அந்தப் பக்கத்தைத்தான்.

நிறுவியில் வன்தட்டே தெரியாவிட்டால், கணினியின் சேமிப்பக அமைப்பு ‘ரெய்டு’ அல்லது இன்டெலின் ஆர்எஸ்டி முறையில் இருக்கக்கூடும். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. அனுபவமுள்ள ஒருவரின் உதவியை நாடுங்கள்.

நிறுவிய பின்

இனிக் கணினியைத் திறந்ததும் ‘கிரப்’ என்ற பட்டியல் வரும். லினக்ஸா, விண்டோஸா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். புதிதாக இரண்டையும் நிறுவுவோர் விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவ வேண்டும். விண்டோஸின் தொடக்கப் பட்டியல் லினக்ஸைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது என்பதே காரணம்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால் இந்த இடைவெளி. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸின் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்ய, விசைப்பலகை அமைப்புகளில் தமிழைச் சேர்க்கலாம். தமிழ்99 முறையும் கிடைக்கிறது.

ஆதரவு முடிந்த விண்டோஸ் பக்கத்தில் கவனம் தேவை. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், இணையம் எல்லாவற்றையும் லினக்ஸில் வைத்துக்கொண்டு, பழைய மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸைத் திறப்பது நல்லது. அப்போது இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வேண்டாம் என்றால்

லினக்ஸை நீக்க விரும்பினால், யூஇஎஃப்ஐ அமைப்பில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் வரும்படி மாற்றுங்கள். விண்டோஸ் நேரடியாகத் தொடங்குகிறது என்று உறுதிசெய்த பிறகே லினக்ஸ் பிரிவை அழியுங்கள். காலியாகும் இடத்தை அதற்கு முன்னால் அடுத்திருக்கும் பகிர்வுப் பிரிவுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு கொண்ட மேக் கணினிகளுக்கு இந்த முறை பொருந்தாது. விண்டோஸைப் பக்கத்தில் நிறுவ உதவிய பூட் கேம்ப் அவற்றில் இல்லை.

வன்தட்டில் கைவைக்கத் தயக்கமாக இருந்தால், விரலியிலிருந்தே லினக்ஸைச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அதற்கிடையில் அந்தக் காப்பு நகலை எடுத்து முடித்துவிடுங்கள். லினக்ஸ் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும், அந்த நகல் வீண்போகாது.