புள்ளிராஜாவும் செஞ்சுருள் சங்கமும்

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டறிந்தார்கள். தென்காசியில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரிகள் ஓடும்; சீசன் வந்தால் குற்றாலத்து லாட்ஜுகள் நிரம்பிவிடும். நமக்கென்ன என்று இருக்கக்கூடிய ஊரா இது?

2000-க்குப் பிறகு, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் விளம்பரம். பெரியவர்கள் சிரித்ததோடு சரி. யார் அந்தப் புள்ளிராஜா என்று கேட்ட பிள்ளைகளை அதட்டியதும் உண்டு.

அப்புறம் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் வந்தது. பயிற்சி பெற்ற மாணவர்களே சக மாணவர்களிடம் பேசினார்கள். ஆணுறை என்ற சொல்லை அப்பாவிடமோ வாத்தியாரிடமோ எந்தப் பிள்ளை எடுக்கும்? அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது என்பதை என் பேத்திக்குச் சொன்னது அவள் வகுப்புத் தோழிதான்.