பறக்கும் தட்டில் வந்த பாட்டுத் திருடன்

அந்தக் கிரகத்துக்காரர்களிடம் விஞ்ஞானம் கொட்டிக் கிடந்தது. நினைத்தால் பூமிக்கு வந்து போகும் வாகனம்கூட உண்டு. ஆனால், ஒன்று மட்டும் இல்லை. பாட்டு!

என்ன செய்வார்கள்? பூமிக்கு ஆள் அனுப்பி, நன்றாகப் பாடுகிற ஒரு பெண்ணையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

1963 ஏப்ரலில் வெளியான 'கலை அரசி'யின் கதை இது. இயக்கம் ஏ.காசிலிங்கம். கடத்தப்படும் வாணியாக பி.பானுமதி, கடத்த வரும் தின்னனாக எம்.என்.நம்பியார், மீட்கப் போகும் மோகனாக எம்.ஜி.ஆர். இந்தியத் திரையில் வேற்றுகிரகவாசிகள் தோன்றிய முதல் படம் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

ககாரின் பூமியைச் சுற்றி வந்தது 1961 ஏப்ரலில். அந்த வருடக் கடைசியில் அவர் இந்தியாவுக்கும் வந்து போனார். அதனால் விண்வெளி என்றால் ஜனங்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால், அதைப் படமாக எடுக்க நம்மிடம் என்ன இருந்தது? கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்ற பேச்சே கிடையாது. செட், உடை, கேமரா தந்திரம்... அவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்புகூட வரலாம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு எதிலும் முதலில் வரவு-செலவுதான் கண்ணில் படும். இங்கே அந்தக் கணக்கு உதைக்கிறது. 1967-ல் சத்யஜித் ராய் 'தி ஏலியன்' என்றொரு திரைக்கதை எழுதினார். வங்காளக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்க, கோயில் என்று நினைத்து ஊரே கும்பிடுகிறது. பிரமாதமான கதை! பின்னால் நின்றது ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம். நடிக்கப் பேசப்பட்டவர் பீட்டர் செல்லர்ஸ். அப்புறம் பார்த்தால், திரைக்கதைப் பிரதியில் ராயின் பெயரோடு இடைத்தரகரின் பெயரும் உரிமையாளராக அச்சாகியிருந்தது. படம் கடைசிவரை வரவே இல்லை. பெரிய பணம் இருந்த இடத்தில் இறங்காத வேற்றுகிரகவாசி, அட்டை செட்டில் இறங்கிவிட்டார்!

எப்படி? அந்தக் கதை நம் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் என் பதில்.

புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர், கரையாம்புத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். இன்றைக்கு அமைதியான வயல்காடு. 1752-ல் இதே பாகூரில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். சண்டை அவர்களுடையது, வயல் நம்முடையது! பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் நிர்வாகத்தை ஒப்படைத்தாலும், சட்டப்படி இந்த ஊர்கள் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். 'கலை அரசி' வருவதற்கு வெறும் எட்டு மாதம் முன்பு.

நம்மிடம் இல்லாத வாகனத்தில் வருகிறான். தன்னிடம் இல்லாததை அள்ளிக்கொண்டு போகிறான். இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானப் பாடமா வேண்டும்? முன்பு கப்பலில் வந்தவன், படத்தில் பறக்கும் தட்டில் வருகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

'உன்னிடம் மெஷின் இருக்கலாம், சங்கீதம் எங்களிடம்தான்' என்பதில் ஆறுதல் இருக்கிறது. ஆனால், அந்த ஆறுதலோடு சும்மா இருந்தால் வாணி திரும்பி வரப்போவதில்லை. கிராமத்து மோகன் அதைத் தெரிந்துகொண்டவன். அந்நியனின் வாகனத்திலேயே ஏறி அவன் உலகத்துக்குப் போகிறான்.

படம் வந்த ஏழே மாதத்தில், 1963 நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் கடலோரக் கிராமத்தில் அலுவலகமாக இருந்தது மேரி மக்தலேன் மாதா கோயில். ராக்கெட்டின் பெயர் நைக்-அப்பாச்சி. அதுவும் நம்முடையதல்ல, அமெரிக்கா கொடுத்தது.

நாமும் இரவல் வண்டியில்தான் முதலில் ஏறினோம். ஓட்டக் கற்றுக்கொண்டது அப்புறம்!