பொய்க் கலங்கல்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டில், காலையில் முதலில் அடுப்பில் ஏறியது பால் இல்லை. என் சிறுநீர். 1994-இல் எனக்கு ஆறு வயசு, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். முகம் வீங்கும், கண் திறக்காது. அம்மா டெஸ்ட் ட்யூபை இடுக்கியால் பிடித்து, மேல்பாகத்தை மட்டும் தீயில் காட்டுவாள். வெள்ளையாகக் கலங்கினால் பயம். உடனே மூணு சொட்டு வினிகர். கலங்கல் நின்றுவிட்டால் புரோட்டீன் போகிறது என்று அர்த்தம். அப்படியே மூன்று நாள் தொடர்ந்து கட்டியாகத் திரிந்தால் நோய் திரும்பிவிட்டது, மறுபடி வைசலோன். வினிகர் பட்டதும் மறைந்துவிட்டால், “பொய்க் கலங்கல்டா, ஒண்ணுமில்ல” என்று நோட்டில் ஒரு டிக் போடுவாள்.

அந்தப் பொய்க் கலங்கல் என்ன என்று முப்பது வருஷம் கழித்துத்தான் படித்தேன். பாஸ்பேட் உப்புகள், பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். சூட்டில் திரண்டு, அமிலத்தில் கரையும். நோயே இல்லாதவர் சிறுநீரிலும் வரும் என்பதால், என் எலும்புதான் அப்படிக் கரைந்து போனது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த வீட்டில் எல்லோரும் புரோட்டீனையே பார்த்துக்கொண்டிருந்தபோது கால்சியம் எங்கள் கண்ணெதிரே வந்து, டிக் வாங்கிக்கொண்டு போனது உண்மை.

விசித்திரம் என்னவென்றால், இந்த நோய் தனியாக இருக்கும்போது கால்சியத்தைச் சிறுநீரில் விடாது. 1945-இல் அமெரிக்காவில் எமர்சன், பெக்மன் இருவரும் நெஃப்ரோசிஸ் குழந்தைகளின் கால்சியக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே போவது எவ்வளவு, மலத்தில் எவ்வளவு, சிறுநீரில் எவ்வளவு என்ற கணக்கு. குடல் சரியாக உறிஞ்சவில்லை, சிறுநீரில் போவதோ மிகக் கொஞ்சம். பின்னால் காரணமும் புரிந்தது: புரோட்டீன் ஒழுகும்போது வைட்டமின் டி-யைச் சுமக்கும் புரதமும் சேர்ந்தே போய்விடுகிறது.

அப்புறம் ஸ்டீராய்டு வந்தது. 1948-இல் மேயோ கிளினிக்கில் ஹென்ச் மூட்டுவாதத்துக்கு கார்ட்டிசோன் போட்டுப் பார்த்தார்; 1950-இல் நோபல். நெஃப்ரோசிஸ் குழந்தைகளுக்கும் அது கிடைத்தது. அதற்கு முன் நிறையக் குழந்தைகள் வயிற்றுக்குள் சீழ் பிடித்தே இறந்தார்கள், ஆகவே மருந்தைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. பிரட்னிசோன் சந்தைக்கு வந்தது 1955-இல். அதே வருஷம் ஜனவரியில்தான் எங்கள் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது. 1967-இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி ஆரம்பித்த ஆய்வுக் குழு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்ற அளவை நிலைநிறுத்தியது. எனக்கு அது காலையில் பத்து மில்லிகிராம் மாத்திரை நாலு.

ஸ்டீராய்டு எலும்பை என்ன செய்யும் என்பது புது விஷயமும் இல்லை. உடம்பே அதை அதிகமாகச் சுரக்கும் நோயாளிகளைப் பற்றி 1932-லேயே ஹார்வி குஷிங் எழுதிவிட்டார்: வட்ட முகம், மெலிந்த கைகால், நொறுங்கும் முதுகெலும்பு. மூன்று இடத்தில் வேலை செய்கிறது. குடல் குறைவாக உறிஞ்சுகிறது, எலும்பு கட்டும் செல்கள் சோர்ந்துபோகின்றன, சிறுநீரகக் குழாய்கள் திரும்பப் பிடிக்கவேண்டிய கால்சியத்தை விட்டுவிடுகின்றன. என் தொழிலில் இதை மெமரி லீக் என்போம். புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும், எர்ரர் எதுவும் வராது.

பார்க்க வழியில்லாமலும் இல்லை. 1930-களிலேயே பாஸ்டனில் சல்கோவிட்ச் ஆக்சலேட் கலந்த ஒரு திரவம் செய்தார். சிறுநீரில் சேர்த்தால் கால்சியம் மேகமாகத் திரளும், பால்போல் ஆனால் அதிகம். அடுப்புகூட வேண்டாம். இப்போது லேபில் கால்சியத்தை கிரியேட்டினினால் வகுக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு 0.2-ஐத் தாண்டினால் கவனிக்கவேண்டும். இல்லையென்றால் 24 மணி நேரச் சிறுநீர், எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் எல்லை. ஆறு வயசுப் பையனிடம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து, அந்தக் கேனை அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் நசுங்காமல் கொண்டுபோவதை யோசித்துப் பாருங்கள்.

‘கால்சியம் மாத்திரை கொடுத்தால் போச்சு’ என்று தோன்றும். வேலூர் சி.எம்.சி.யில் அதைத்தான் சோதித்தார்கள். சௌத்ரி, இந்திரா அகர்வால், சேஷாத்ரி எழுதி 2014-இல் வந்த ஆய்வு. நோய் புதிதாக வந்த 40 சொச்சம் குழந்தைகள். ஒரு பாதிக்கு ஸ்டீராய்டோடு கால்சியமும் வைட்டமின் டி-யும், மறு பாதிக்கு ஸ்டீராய்டு மட்டும். பன்னிரண்டே வாரம். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பில் தாது கூடியது, சாப்பிடாதவர்களுக்குக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வு சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும் ஆபத்தையும் குறித்துவைத்தது. ஊற்றுகிற குடத்திலேயே ஓட்டை இருந்தால், கூட ஊற்றுவது கூடவும் ஒழுகும். சிறுநீரகத்துக்காக வைத்தியம் பார்க்கும் பிள்ளைக்கு அங்கேயே கல் சேரக்கூடாதே. அதனால் கொடுக்கவும் வேண்டும், அளந்துகொண்டே இருக்கவும் வேண்டும்.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பழைய நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள். எனக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்களாம்.

“குடுத்தாங்களே. நீ எங்க தின்ன? ஜன்னல் வழியா கொய்யா மரத்தடியில போட்டுட்டு முழுங்கிட்டேன்னு சொல்லுவ. மழை பெஞ்சதும் அங்க தரையெல்லாம் வெள்ளையா கரைஞ்சு கிடந்துச்சு.”