காடு என்னும் சொல்லும் வானத்துக் கண்ணும்

1924-இல், அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவில், ஐராவதிக் கழிமுகக் காடுகள் விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டன. வெட்டத்தக்க மரம் எங்கே நிற்கிறது என்பதே அக்காலத்து வனத்துறையின் முதற்கவலை. வெட்டிய இடத்தில் காடு மீள்கிறதா என்னும் கேள்வி வானத்திலிருந்து நாடளாவிய அளவில் எழுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1972-இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அவ்வரிசையின் படங்களைக் கொண்டு ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு முகமை இரு காலங்களை ஒப்பிட்டது. 1972-75-இல் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 16.9 விழுக்காடாக இருந்த காடு, 1980-82-இல் 14.1 ஆகக் குறைந்தது என்பது அதன் முடிவு. 1981-இல் டேராடூனில் நிறுவப்பட்ட இந்திய வன அளவை நிறுவனமோ, 1987-இல் வெளியிட்ட தன் முதல் அறிக்கையில் 19.49 விழுக்காடு என்றது. அதன் படங்கள் 1981-83-ஐச் சேர்ந்தவை. செயற்கைக்கோள் வரிசையும் அதுவே. படத்தை எவ்வாறு வாசிப்பது, எதைக் காடெனக் கொள்வது என்பவற்றிலேயே வேற்றுமை இருந்தது. பின்னர் இரு நிறுவனங்களும் கலந்து, 19.5-ஐ ஒட்டிய எண்ணை ஏற்றன.

2001 அறிக்கை முதல் நாடு முழுவதும் 1:50,000 அளவில், கணினிவழிப் பகுப்பாய்வு நடைமுறைக்கு வந்தது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மர விதானம் பத்து விழுக்காடு இருந்தால் அது ‘வனப்போர்வை’. நிலம் யாருடையது, சட்டம் அதை என்னவென்று அழைக்கிறது, மரம் எந்த இனம் என்பன கணக்கில் வாரா. ஆகவே இயற்கைக் காடும் தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் ஒரே எண்ணிக்கையில் அடங்கின. மறுபுறம், விதானம் அந்த அளவை எட்டாத இளங்காட்டுக்குக் கணக்கில் இடமில்லை. வடகிழக்கில் ஜூம் சாகுபடிக்குப் பின் தரிசாக விடப்படும் சரிவுகள் மூங்கிலும் மரமுமாய் மீளும்போது வரவாகவும், மீண்டும் வெட்டப்படும்போது இழப்பாகவும் பதிவாகின்றன. தலைமுறைகளாகத் தொடரும் சுழற்சி, ஈராண்டுக்கொரு அறிக்கையில் ஏற்ற இறக்கமாக மட்டுமே தென்படுகிறது.

நீதிமன்றத்தின் வழி வேறு. 1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், சட்டப்படி அறிவிக்கப்பட்ட அல்லது அரசுப் பதிவேட்டில் காடெனப் பதியப்பட்ட நிலங்களோடு அப்பொருளைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால ஆணையால் பழைய பொருளே தொடருமாறு செய்தது. ஒரே நிலம் படத்தில் காடாகவும் பதிவேட்டில் காடல்லாததாகவும் இருக்கக்கூடும் என்பதே இவ்வழக்கின் உயிர்நாடி.

இன்று ட்ரோன் இவ்வரலாற்றில் நுழைகிறது. லிஸ்-3 கருவியின் ஒரு படப்புள்ளி தரையில் 23.5 மீட்டர், ட்ரோன் படத்திலோ அது சில சென்டிமீட்டர். உண்ணிச்செடிப் புதரையும் காட்டு மரத்தின் இளங்கன்றையும் பிரித்தறிய இது துணைபுரியும். எனினும் அது காணும் பரப்பு சிறிது; அடர்ந்த விதானத்தின் அடியில் முளைக்கும் கன்றை அதன் படம் காட்டாது. அதற்கு நடந்து சென்று எண்ணும் மனிதர் இன்னும் தேவை.

கருவி கூர்மையாகும்தோறும் பார்வையின் ஐயங்கள் குறைகின்றன. பெயரிடலின் ஐயம் அவ்வாறு குறைவதில்லை. மீண்டு வருவது காடா, தோட்டமா, புதரா என்பதை முடிவுசெய்வது வரையறையே. அதை யார் வகுக்கிறார்கள், அந்நிலத்தில் வாழ்வோருக்கு அதில் பங்குண்டா என்ற கேள்விகள் 1987-இல் போலவே இன்றும் திறந்தே உள்ளன.