கற்பித்தவரும் உடையவரும்: இங்கிலாந்தில் துப்பாக்கி வேட்டைநாயின் பயிற்சியும் விற்பனையும்

முன்னுரை

லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரிட்ரீவர் என்னும் பெயர்கள் இன்று இந்திய நகரங்களில் வீட்டுநாய்களின் பெயர்களாகவே அறியப்படுகின்றன. இவ்வினங்கள் யாவும் ஒரு குறிப்பிட்ட தொழிலுக்காக உருவாக்கப்பட்டவை. துப்பாக்கியால் பறவைகளைச் சுடும் வேட்டையில் மனிதருக்குத் துணைநிற்பதே அத்தொழில். பிரிட்டனில் அத்தொழில் இன்றும் வழக்கில் உள்ளது. அதற்கான நாய்கள் அங்கு மூன்று நிலைகளில் விற்கப்படுகின்றன. பயிற்சி தொடங்காத குட்டி ஒரு நிலை. முழுப் பயிற்சி பெற்று வேட்டைக்களம் கண்ட நாய் மற்றொரு நிலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது அரைப்பயிற்சி பெற்ற நாய்.

இவ்விடைநிலை வரலாற்று நோக்கில் ஒரு வினாவை எழுப்புகிறது. பயிற்சி என்பது நாயின் உடலிலும் பழக்கத்திலும் தங்கியிருப்பது. அதனைக் கற்பித்தவர் ஒருவர். விலை கொடுத்து வாங்குபவர் வேறொருவர். அவ்வாறாயின் வாங்குபவர் பெறுவது யாது? அக்கல்வி எவருக்கு உரியது? 1685ஆம் ஆண்டின் ஓர் ஒப்பந்த ஆவணத்தை மையமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழில் 'வேட்டைநாய்' என்னும் சொல் விலங்கைத் துரத்திப் பிடிக்கும் நாயையே முதன்மையாகச் சுட்டுகிறது. சங்கப் பாடல்களில் ஞமலி, ஞாளி என்னும் பெயர்களைப் பெற்று வேட்டுவரோடு செல்லும் நாயும், பிற்காலத்துச் சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்களும் இவ்வகையின. இங்கிலாந்தின் துப்பாக்கி வேட்டைநாய் இவற்றினின்றும் வேறுபட்டது. துரத்துவதும் கொல்வதும் அதன் பணியல்ல. பறவை இருக்குமிடத்தைக் காட்டுதல், மறைவிலிருந்து எழுப்புதல், சுடப்பட்டு வீழ்ந்ததைச் சிதைக்காமல் கொண்டுவந்து கொடுத்தல் ஆகிய மூன்றுமே அதன் பணிகள். வேட்டை இயல்பு முழுவதையும் வைத்துக்கொண்டு அதன் இறுதிச் செயலை மட்டும் அடக்கிக்கொள்ளுமாறு நாயைப் பழக்க வேண்டும். எனவே இந்நாயின் மதிப்பு அதன் பிறப்பில் ஒரு பங்கும் பயிற்சியில் ஒரு பங்குமாக அமைகிறது.

வலைக்கு முன் படுத்த நாய்

இப்பயிற்சி துப்பாக்கிக்கு முற்பட்டது. கேம்பிரிட்ஜ் மருத்துவ அறிஞர் ஜான் கேயஸ், சுவிட்சர்லாந்தின் இயற்கை நூலறிஞர் கான்ராட் கெஸ்னருக்காகப் பிரிட்டனின் நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூல் 1570இல் வெளிவந்தது. ஆபிரகாம் ஃபிளெமிங் அதனை 1576இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பறவையின் மணம் அறிந்ததும் ஓசையின்றி நின்று, ஊர்ந்து, பின் தரையோடு படிந்து அவ்விடத்தைக் காட்டும் நாயை அந்நூல் விரித்துரைக்கிறது. நாய் படுத்ததும் வேட்டைக்காரர் வலையை விரித்துப் பறவைகளை மூடிப் பிடிப்பார். 'செட்டர்' என்னும் இனப்பெயர் இவ்வாறு படிந்து காட்டும் செயலிலிருந்தே தோன்றிற்று. கெர்வாஸ் மார்க்கம் 1621இல் வெளியிட்ட பறவை வேட்டை நூலும் இத்தகைய நாயைப் பழக்கும் முறைக்கு இடமளிக்கிறது.

கௌதாரிக்கூட்டம் சில அடித் தொலைவில் இருக்க, அதன்மீது பாயாமல் படுத்திருக்கும் நாய் தன் இயல்புக்கு எதிராக ஒழுகுகிறது. இவ்வொழுக்கத்தை உருவாக்குவோர் பெரும்பாலும் நூல் எழுதியோர் அல்லர், நிலத்தில் உழைத்தோரே. அவர்களுள் ஒருவரின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது ஓர் ஒப்பந்தத்தின் வாயிலாகவே.

1685ஆம் ஆண்டு ஒப்பந்தம்

வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ரிப்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் ஹென்றி ஹெர்பர்ட் என்னும் நிலக்கிழார் வாழ்ந்தார். அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் என்னும் சிறு நிலவுடைமையாளர் 1685 அக்டோபர் 7 அன்று அவருக்கு ஓர் உறுதிப்பத்திரம் அளித்தார். பிற்கால வேட்டை நூல்களில் பலமுறை எடுத்தாளப்பெற்ற அப்பத்திரத்தின் செய்திகள் வருமாறு:

ஹெர்பர்ட்டுக்கு உரிய 'குவாண்ட்' என்னும் ஸ்பேனியல் பெண்நாயை ஹாரிஸ் அன்று தம் பொறுப்பில் பெற்றுக்கொள்கிறார். முன்பணமாக 10 ஷில்லிங் பெறுகிறார். மேலும் 30 ஷில்லிங் பின்னர்த் தரப்படும். அடுத்த மார்ச் 1 வரை அவர் அந்நாயைப் பேணி வளர்க்க வேண்டும். அந்நாளுக்குள் கௌதாரி, ஃபெசன்ட் முதலிய பறவைகளைப் படுத்துக் காட்டுமாறு, அத்தொழிலில் சிறந்த நாய்களுக்கு நிகராக, அதனைப் பழக்கி ஹெர்பர்ட்டின் இல்லத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இதுவரை இது கூலிக்குச் செய்யும் பணிக்கான பொதுவான ஒப்பந்தமே. இதன் இறுதிக் கூறே சிறப்பாக நோக்கத்தக்கது. நாயை ஒப்படைத்த பின்னர், பழக்கமின்மையாலோ பிற காரணத்தாலோ அது கற்றதை மறந்துவிடுமாயின், ஹாரிஸ் அதனைத் தம் சொந்தச் செலவில் ஒரு மாதமோ அதற்கு மேலோ வைத்திருந்து மீண்டும் கற்பிக்க வேண்டும். தேவைப்படும் போதெல்லாம் இவ்வாறு செய்ய வேண்டும்.

இக்கூற்றிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, பயிற்சி ஒருமுறை செய்து முடித்துக் கைமாற்றத்தக்க பொருளன்று, பயன்பாட்டால் மட்டுமே நிலைப்பது என்பதை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர். மற்றொன்று, அந்நிலையாமையின் சுமை முழுவதும் கற்பித்தவர் மீதே ஏற்றப்பட்டது. நாயை வேட்டைக்குக் கொண்டுசெல்லாமல் உடையவர் வாளாவிருந்து, அதனால் அது மறந்தாலும், திருத்தும் செலவு ஹாரிசையே சாரும். இப்பொறுப்புக்குக் கால எல்லையும் குறிக்கப்படவில்லை. ஐந்து மாதத்திற்குச் சற்றுக் குறைந்த உழைப்புக்கும், நாயின் உணவுக்கும், அதன் வாழ்நாள் முழுவதற்குமான உறுதிக்கும் சேர்த்து அவர் பெற்றது 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு. பத்திரத்தின் இறுதியில் ஹாரிஸ் தம் பெயரை எழுதவில்லை, குறியே இட்டுள்ளார்.

கற்பிக்கலாம், வைத்துக்கொள்ளலாகாது

இவ்வொப்பந்தத்தை அக்காலச் சட்டத்தோடு இணைத்து நோக்கினால் அதன் பொருள் மேலும் விளங்கும். இரண்டாம் சார்லஸ் ஆட்சியில் 1671இல் இயற்றப்பட்ட வேட்டைச் சட்டம், வேட்டையாடும் உரிமையை நிலவுடைமையோடு பிணைத்தது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் முழுவுரிமை நிலமோ, 150 பவுண்டு மதிப்புள்ள நீண்டகாலக் குத்தகையோ உடையவர்க்கும், உயர்குடி வழியினர் சிலர்க்குமே அவ்வுரிமை உண்டு. ஏனையோர் துப்பாக்கி, வலை ஆகியவற்றோடு பறவையைப் படுத்துக் காட்டும் நாயையும் வைத்திருத்தல் குற்றம். பண்ணை நிலக்கிழார்கள் நியமித்த வேட்டைக் காவலர், நீதிபதியின் ஆணை பெற்று அத்தகையோர் வீடுகளைச் சோதித்து இவற்றைப் பறிக்கவும் சட்டம் இடமளித்தது.

ஹாரிசின் வருவாய் எவ்வளவு என்பதைப் பத்திரம் கூறவில்லை. எனினும் ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாயுடைய ஒருவர் 2 பவுண்டுக்காக இத்தகைய முடிவற்ற பொறுப்பை ஏற்றிருப்பார் எனக் கொள்வது அரிது. அவ்வாறாயின், இங்கிலாந்தின் சிறந்த நாய்களுக்கு நிகரான ஒன்றை உருவாக்கும் அறிவுடைய அவர், அத்தகைய நாயொன்றைத் தமக்கென வைத்துக்கொள்ளும் உரிமையற்றவராக இருந்தார் என்பது பெறப்படும். கலை ஒருவரிடமும் அதனை நுகரும் உரிமை வேறொருவரிடமும் இருந்தன. 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் வந்தபோதே இச்சொத்துத் தகுதி நீங்கிற்று. அதன்பின் கட்டணம் செலுத்தி உரிமச் சான்று பெற்ற எவரும், நிலவுடைமையாளரின் இசைவோடு சுடலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

கருவி மாறப் பாடமும் மாறல்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் இங்கிலாந்தில் பரவிற்று. வலை படிப்படியாகப் பின்தள்ளப்பட்டது. முன்வாயில் மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கியில், ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்பச் சிறிது நேரம் ஆகும். அவ்விடைவெளியில் நாய் ஓடி எஞ்சிய பறவைகளைக் கலைத்துவிடக் கூடாது. ஆகவே வெடியோசை கேட்டதும் படுத்துவிடும் பாடம் முதன்மை பெற்றது. பின்வழியே தோட்டா நிரப்பும் துப்பாக்கி 1851இல் லண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பின்னர் அங்குப் பரவலாயிற்று. அதனால் சுடும் வேகம் பெருகிற்று. ஆட்கள் பறவைகளை விரட்டிவர, வரிசையாக நின்று சுடும் முறை ஓங்கிற்று. இம்முறையில் பறவையைக் கண்டு காட்டும் நாயைவிட, வீழ்ந்ததைத் தேடிக் கொணரும் நாயே மிகுதியும் வேண்டப்பட்டது. லாப்ரடார் முதலிய ரிட்ரீவர் இனங்களின் எழுச்சி இச்சூழலில் நிகழ்ந்தது.

1831க்குப் பின் வேட்டையில் புகுந்த புதியோரிடம் வேட்டைக் காவலரோ பரம்பரை நாய்க்கூடமோ பெரும்பாலும் இல்லை. இந்நிலையில் படை அதிகாரி டபிள்யூ. என். ஹட்சின்சன் 1848இல் வெளியிட்ட நாய்ப் பயிற்சி நூல் கருதத்தக்கது. கூலிக்குப் பழக்குவோரின் சாட்டையை அவர் கண்டித்தார். வேட்டைக்காரர் தம் நாயைத் தாமே பழக்குமாறு தூண்டினார். ஹாரிஸ் போன்றோர் கையிலிருந்த அறிவு இவ்வாறு நூல்வழிப் பொதுவாயிற்று. அதே வேளையில் அவ்வறிவுக்கு உரியோர் முரடர் என்னும் கருத்தும் அதனோடு பரவிற்று.

1859இல் நியூகாசிலில் பாயிண்டர், செட்டர் நாய்களுக்கான கண்காட்சி நடந்தது. 1865இல் பெட்ஃபோர்டுஷயரின் சவுத்ஹில்லில் முதல் களப்போட்டி நடந்தது. 1873இல் கென்னல் கிளப் தோன்றிற்று. இவற்றால் நாயின் குலவரிசையும் வெற்றியும் ஏட்டில் ஏறின. சந்தையில் அவையே சான்றாயின. ஆயினும் குலவரிசை பிறப்பைக் கூறுமேயன்றிக் கற்பித்தவரைக் கூறாது. கார்டன் செட்டர் என்னும் இனம் கார்டன் கோமகனின் பெயரைத் தாங்குகிறது. அவருடைய நாய்களைப் பழக்கியோரின் பெயர் எவ்வினத்திற்கும் இல்லை.

அரைப்பயிற்சி நாயை வாங்குதலும் பேணுதலும்

இன்று பிரிட்டனில் அரைப்பயிற்சி பெற்றது என விற்கப்படும் நாய் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டிய வயதினது. அழைத்தால் வருதல், உடன் நடத்தல், ஊதல் கேட்டதும் அமர்தல், கேன்வாஸ் பொதியை எடுத்துவருதல், வெடியோசைக்கு அஞ்சாமை ஆகியவற்றை அது கற்றிருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. எனினும் இச்சொல்லுக்கு வரையறுத்த அளவுகோல் இல்லை. ஆகவே நாய் பணிசெய்வதை நேரில் காணாமல் வாங்கலாகாது என்பது அங்குள்ள அனுபவசாலிகளின் பொதுக் கருத்து. வெடியச்சம், பறவையை நசுக்கும் வாய்ப்பழக்கம், காத்திருக்கும்போது முனகுதல் ஆகிய மூன்றும் பின்னர்த் திருத்துதற்கு மிக அரியவை. எனவே அவையே முதலில் சோதிக்கப்படும். லாப்ரடார்களில் இடுப்பு மூட்டுச் சோதனைச் சான்றும் கேட்கப்படும்.

பயிற்சியைக் கைமாற்றுவதற்கு எளிய கருவியொன்றும் துணைசெய்கிறது. ஆக்மி ஊதல்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் மாறாத ஒலியுயரம் உண்டு. ஸ்பேனியல்களுக்கு 210.5 எண்ணும் லாப்ரடார்களுக்கு 211.5 எண்ணும் பெருவழக்கு. பழக்கியவர் பயன்படுத்திய எண்ணையே வாங்குபவரும் பயன்படுத்தினால், நாய்க்கு ஆள் மாறினாலும் ஆணையின் ஒலி மாறுவதில்லை. ஆயினும் ஒலி மட்டுமே கீழ்ப்படிதலைத் தராது. புதியவர் இல்லத்தில் முதற்சில வாரங்கள் புதிய பாடம் எதுவும் புகட்டாமல், கற்றவற்றையே சிறிது சிறிதாக மீட்டுக் காட்டுமாறு அறிவுறுத்துவர்.

முதல் வேட்டைப் பருவமே பெருஞ்சோதனை. பறவைகள் வீழ்வதையும் பிற நாய்கள் ஓடுவதையும் கண்டும் அமைதியாக அமர்ந்திருத்தலே அப்பருவத்தின் பாடம். உடையவர் அன்று தாம் சுடாமல் நாயை மட்டும் கவனிக்க வேண்டும். வீழ்ந்தவற்றுள் ஓரிரண்டை மட்டும் எடுத்துவரச் செய்ய வேண்டும். ஒருநாள் அவசரத்தால் ஓராண்டுப் பயிற்சி சிதைவதுண்டு. இங்கிலாந்தில் ஃபெசன்ட் வேட்டைப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கிப் பிப்ரவரி 1இல் முடிகிறது. ஏனைய எட்டு மாதங்களில் நாள்தோறும் சிறிதளவு பயிற்சி தராவிடில் அடுத்த அக்டோபரில் நாய் பின்தங்கிவிடும். ஹாரிசின் பத்திரம் 'பழக்கமின்மை' எனக் குறித்தது இதனையே.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், வணிகர் விற்கும் விலங்கையும் பொருளாகவே கருதுகிறது. விற்கும்போது கூறிய விவரத்திற்கு அது ஒத்திருத்தல் வேண்டும். ஆனால் வாங்கியவரின் கவனக்குறைவால் நாய் பின்னர் மறந்துபோவதற்கு விற்றவர் பொறுப்பல்லர். 1685இல் கற்பித்தவர் தோளில் இருந்த சுமை இன்று உடையவர் தோளுக்கு மாறியுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், துப்பாக்கி வேட்டைநாயின் பயிற்சி விலைக்குக் கிடைப்பினும் முழுமையாகக் கைமாறுவதில்லை என்பது புலனாகிறது. கருவி மாறியபோது பாடம் மாறிற்று. சட்டம் மாறியபோது உரியோர் மாறினர். பயன்பாடின்றேல் கல்வி நில்லாது என்பது மட்டும் மாறவில்லை. அரைப்பயிற்சி நாயை வாங்குபவர் பிறர் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதியைத் தாம் ஏற்கிறார்.

இவ்வறிவின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கிடைப்பன பெரும்பாலும் உடையவர்களின் ஏடுகளே. கற்பித்தோர் அவற்றில் அருகியே தோன்றுகின்றனர். ஜான் ஹாரிஸ் தோன்றுவதும், அவருடைய கலையைப் போற்றும் பொருட்டன்று. அதற்கு அவரைப் பொறுப்பாக்கும் பொருட்டேயாம். நாயின் பெயரும் அவர் பெயரும் ஒரே தாளில் எஞ்சியுள்ளன. எழுத்தறியாதவரின் கல்வி இவ்வாறு கடன்பத்திரங்களிலும் ஒப்பந்தங்களிலும் பதிந்திருத்தல் பிற நாடுகளுக்கும் பிற தொழில்களுக்கும் பொருந்தக்கூடும். அவ்வகை ஆவணங்களை அந்நோக்கில் மீண்டும் பயிலுதல் பயனுடையது.