கூடிக் கேட்பதா, தனித்துக் கேட்பதா? வீட்டு ஒலியின் வரலாறு சொல்லும் பாடம்



சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்னர் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த 1,500 வெள்ளியைக் கொண்டு தொலைக்காட்சிக்கு ஒரு 'சரவுண்ட் சவுண்ட்' ஒலிபெருக்கித் தொகுதி வாங்கலாம் என்றார் என் கணவர். படிவம் நான்கில் பயிலும் என் மகனோ வேறு கருத்துச் சொன்னான்.

"எனக்கு ஒரு நல்ல ஹெட்போன் போதும்மா. நீங்க எல்லாரும் சேர்ந்து எதையாவது கேட்டுக்குங்க."

அவன் கேட்ட பொருளைவிட அந்த இரண்டாவது வாக்கியமே என் மனத்தை உறுத்தியது. எங்களோடு வசிக்கும் என் தாயாருக்கு வயது 78. செவி சற்று மந்தம். அவர் தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டு அமர்ந்திருப்பார். அவருடைய பேரன் அதே கூடத்தில், காதுகளை மூடிக்கொண்டு, வேறோர் உலகில் இருப்பான். தோட்டத்து லயன் வீட்டில் ஒரே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஐந்து வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து நாடகம் கேட்டு வளர்ந்தவள் நான். நம் வீட்டில் ஒலி எப்போது தனியுடைமை ஆயிற்று என்ற கேள்வி எழுந்தது. வரலாற்றுப் பாடம் போதிக்கும் பழக்கத்தால் பின்னோக்கிச் சென்று தேடினேன். நான் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் வந்தது எது?

ஒலிபெருக்கிதான் முன்னது, ஹெட்போன் பின்னது என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. 1881 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் அனைத்துலக மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே கிளெமோன் அதேர் என்னும் பொறியியலாளர் ஒரு புதுமையைக் காட்டினார். ஓபரா அரங்க மேடையின் விளிம்பில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாகப் பொருத்தி, கம்பிவழியே கண்காட்சிக் கூடத்திற்கு இசையைக் கொண்டு வந்தார். கேட்பவர் காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்புக் கருவிகளைப் பிடித்துக் கொள்ள வேண்டும். மேடையின் இடப்புற ஒலி ஒரு காதிலும் வலப்புற ஒலி மறு காதிலும் விழுந்தது. பாடகர் மேடையில் நடந்து செல்வதைக் கண்ணால் காணாமலே உணர முடிந்தது. இன்று 'ஸ்டீரியோ' என்று நாம் அழைக்கும் ஒலியின் தொடக்கம் இதுவே.

இக்கருவி 1890 இல் 'தேயாத்ரோஃபோன்' என்ற பெயரில் வணிகமாயிற்று. உணவகங்களிலும் விடுதிகளிலும் காசு போட்டுக் கேட்கலாம். சந்தா கட்டி வீட்டிலும் கேட்கலாம். வானொலி பரவிய பின்னர், 1932 இல் அந்தச் சேவை நின்று போனது. ஆக, வீட்டுக்குள் வந்த முதல் ஸ்டீரியோ இசை, தனியொருவர் காதில் வைத்துக் கேட்ட இசையே. ஒலியை அறை முழுதும் கேட்கச் செய்யும் பெருக்கிக் கருவி அன்று இல்லை. தனிமை அன்று மக்கள் விரும்பித் தேர்ந்தது அன்று. கருவியின் இயலாமையால் வந்தது.

1910 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. அவையும் கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைக் கேட்பதற்கே பயன்பட்டன.

திரையரங்கில் பிறந்த எண்ணம்

அடுத்த படி திரையரங்கில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியியலாளர் ஆலன் புளும்லைன், மனைவியுடன் படம் பார்க்கச் சென்றார். நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நிற்க, அவர் குரலோ வேறோர் இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது. 1931 டிசம்பர் 14 இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், இரண்டு ஒலித்தடங்களைக் கொண்டு ஒலியின் திசையைக் காட்டும் முறையும், ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தில் இரு தடங்களையும் பதிக்கும் முறையும் விளக்கப்பட்டன. 1942 இல், போர்க்கால ராடார் கருவி ஒன்றைச் சோதிக்கும் பணியில் இருந்தபோது வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 ஆம் ஆண்டு வாக்கில் கடைகளில் பரவியதை அவர் காணவில்லை.

இரண்டு தடங்களோடு நில்லாமல், பார்வையாளரைச் சுற்றிலும் ஒலியை எழுப்பும் முயற்சியும் அக்காலத்திலேயே நடந்தது. 1940 நவம்பரில் வெளியான டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்திற்காக 'ஃபேன்டசவுண்ட்' என்னும் முறை உருவானது. கருவிகளின் விலை மிக அதிகம். ஆதலால் சில திரையரங்குகளைத் தவிர வேறெங்கும் அது செல்லவில்லை.

1970களின் தொடக்கத்தில் இதே ஆசை வீட்டுக்குள் நுழைந்தது. நான்கு மூலைகளில் நான்கு ஒலிபெருக்கிகளை வைக்கும் 'குவாட்ரபோனிக்' முறை விற்பனைக்கு வந்தது. ஆனால் நிறுவனங்கள் ஒன்றோடொன்று பொருந்தாத வெவ்வேறு முறைகளை வெளியிட்டன. எந்த இசைத்தட்டு எந்தக் கருவிக்கு என்று குழம்பிய மக்கள் அதை ஒதுக்கிவிட்டனர். சில ஆண்டுகளிலேயே அது மறைந்தது.

பின்னர் 1977 இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெற்றி டால்பி ஸ்டீரியோவைத் திரையரங்குகளில் பரப்பியது. 1982 இல் டால்பி சரவுண்ட் வீடுகளுக்கு வந்தது. 1996 இல் ஜப்பானில் டிவிடி அறிமுகமானபின் 5.1 என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. முன்னே மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகள். அடித்தொனிக்கு மட்டும் ஒன்று. அந்த '.1' என்பது அதுதான். தமிழ்த் திரையுலகிலும் 1995 இல் வெளிவந்த 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்த படமாகப் பேசப்பட்டது.

எங்கள் வீட்டுத் தவறு

இவ்விடத்தில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2003 இல் நாங்களும் ஒரு 5.1 தொகுதி வாங்கினோம். அதில் நாங்கள் போட்டவை எல்லாம் தமிழ்ப்பட விசிடிகள். விசிடியில் பதிவாவது இரண்டு தட ஒலி மட்டுமே என்பது எங்களுக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்லவில்லை. பின்னால் இருந்த ஒலிபெருக்கிகள் முன்னால் கேட்டதையே திருப்பிச் சொல்லிக் கொண்டிருந்தன. தொடர்வீட்டுச் சுவரைத் தாண்டிய அடித்தொனியோ இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் அண்டை வீட்டு அண்ணனை எழுப்பியது. அவர் ஒரு நாள் மிகுந்த மரியாதையோடு வாசலில் வந்து நின்றார். அன்றோடு அந்தப் பெட்டி அலமாரிக்குள் போயிற்று.

கருவியில் எத்தனை ஒலிபெருக்கி இருக்கிறது என்பதைவிட, நாம் கேட்கும் பதிவில் எத்தனை தடம் இருக்கிறது, நம் அறை அதற்கு ஏற்றதா என்பவையே முதற் கேள்விகள்.

இரண்டு துளைகளின் கதை

மறுபுறம் ஹெட்போனின் கதை. 1958 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர் ஸ்டீரியோ இசை கேட்பதற்கான ஹெட்போனைக் காட்சிக்கு வைத்தார். தந்தி அலுவலர்களின் கருவி அன்றுமுதல் இசை விரும்பிகளின் கருவியாயிற்று.

1979 ஜூலை 1 இல் சோனி நிறுவனம் 'வாக்மேன்' கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அந்த முதல் வாக்மேனில் ஹெட்போனுக்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனித்துக் கேட்பது உடனிருப்பவரை அவமதிப்பதாகும் என்று அந்நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா எண்ணினார். தாம் அதை வீட்டில் கேட்டபோது தம் மனைவி ஒதுக்கப்பட்டதாக உணர்ந்ததை அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். அதனால் இரண்டு துளைகள் வைத்தார். இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்தார். ஆனால் வாங்கியவர்கள் அதைத் தமக்கே உரிய தனிப்பொருளாகக் கருதினர். பின்வந்த மாதிரிகளில் பேசும் பொத்தான் போயிற்று. இரண்டாம் துளையும் மெல்ல மறைந்தது.

இதைப் படித்தபோது சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டேன். என் மகன் சொன்ன அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் பிறந்தது அன்று. அந்த இரண்டாம் துளை மறைந்த நாளிலிருந்து அது உலகெங்கும் சொல்லப்பட்டு வருகிறது.

காது கேட்கும் விதம்

ஒலி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் அது இரு காதுகளையும் ஒரே நொடியில் அடைவதில்லை. மிகுதியாகப் போனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவான இடைவெளிதான். அதையும் கொண்டு மூளை திசையை அறிகிறது. ஒலிபெருக்கியில் கேட்கும்போது இரு காதுகளும் எல்லா ஒலிபெருக்கிகளையும் கேட்கின்றன; தலையைத் திருப்பினாலும் ஒலி தன் இடத்திலேயே இருக்கும். சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனில் இடத்தட ஒலி இடக்காதுக்கு மட்டுமே செல்லும். அதனால்தான் பாடகர் நம் தலைக்குள்ளேயே நின்று பாடுவதுபோல் தோன்றுகிறது. நுண்மையான இசையைக் கேட்க இது சிறந்தது. சுற்றொலியைக் கணினி முறையில் ஹெட்போனுக்குள் கொண்டு வரும் வசதிகளும் இன்று உள்ளன. எனினும் ஒவ்வொருவர் காது மடலின் வடிவமும் வேறு என்பதால் எல்லாருக்கும் ஒரே பயன் கிட்டுவதில்லை.

நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடினால் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இக்கணக்கின்படி 90 டெசிபெல் அளவில் ஒரு சிறுவன் வாரம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே கேட்கலாம். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இக்கணக்கை நான் வெண்பலகையில் எழுதுவதுபோல் ஒரு தாளில் எழுதி மகனிடம் காட்டினேன். அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு மெல்லிய குரலில், "ராத்திரியில சில சமயம் காதுக்குள்ள ஒரு கீச்சுச் சத்தம் கேக்குதும்மா. சொன்னா ஹெட்போனை வாங்கி வச்சிடுவீங்கன்னுதான் சொல்லல" என்றான்.

அந்த வாரமே மருத்துவரிடம் சென்றோம். செவித்திறன் குறையவில்லை என்றார். ஆனால் இது ஓர் எச்சரிக்கை என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் மகன் பேசவில்லை. நானும் கடிந்து கொள்ளவில்லை. அவன் தனித்துக் கேட்டது மட்டுமன்று, தனித்து அஞ்சியும் இருக்கிறான் என்பதே எனக்கு வலித்தது.

நாங்கள் எடுத்த முடிவு

இறுதியில் முழுமையான சரவுண்ட் தொகுதியை நாங்கள் வாங்கவில்லை. எங்கள் கூடம் சிறியது. சுவருக்கு அப்பால் உறங்கும் மனிதர் உண்டு. மூன்று முன் ஒலிபெருக்கிகளை ஒரே பட்டையில் கொண்ட ஒரு கருவியை வாங்கினோம். திரைப்படங்களின் உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் பதிவாகிறது. அதை மட்டும் சற்று உயர்த்தி வைத்ததும், மொத்த ஒலியைக் கூட்டாமலே என் தாயாருக்கு வசனம் விளங்கியது. நாற்காலியையும் பின்னுக்குத் தள்ளிக் கொண்டார்.

மிஞ்சிய பணத்தில் மகனுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம். ஹெட்போன் தீயது என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வுக் காலத்தில், பிறர் உறங்கும் இரவில், அது பிறருக்குச் செய்யும் மரியாதையும்கூட. ஆனால் கைப்பேசியில் ஒலி அளவுக்கு வரம்பு வைத்தோம். இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் அனைவரும் ஒரே ஒலியைக் கேட்பது என்பதையும் வழக்கமாக்கினோம்.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு மாணவன் அடிக்கடி "என்ன டீச்சர்?" என்று கேட்டால், கவனமின்மை என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். பெற்றோர்களே, எதை வாங்குவது என்று கடைக்குச் செல்லும் முன்னர் மூன்றைக் கேளுங்கள்: நாம் கேட்கப்போவது எத்தகைய பதிவு? நம் அறை எத்தகையது? நம் வீட்டில் யாருடைய காது எந்த நிலையில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை காண, பிள்ளையின் ஹெட்போனைக் கழற்றச் சொல்லிச் சற்று நேரம் பேச வேண்டியிருக்கும்.

சென்ற வாரம் பாட்டியும் பேரனும் ஒரு பழைய படம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். நகைச்சுவைக் காட்சியில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அடுக்களையில் இருந்த எனக்கும் அது கேட்டது.