ஏரிநீரில் கரைந்த உலோகங்கள்

ஏரிநீரில் கரைந்த உலோகங்கள் என்பது ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றின் நீரில் கரைந்த நிலையில் காணப்படும் இரும்பு, மாங்கனீசு, ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் முதலிய உலோகங்களைக் குறிக்கும். கரிமக் கழிவுகளைப் போல உலோகங்கள் சிதைந்து மறைவதில்லை. ஆகவே நீர் தேங்கி நிற்கும் ஏரிகளில் இவை ஆண்டுக்கணக்கில் திரள்கின்றன.

மூலங்கள்

பாறையும் மண்ணும் மழையால் அரிக்கப்படுவதால் இரும்பும் மாங்கனீசும் இயற்கையாகவே ஏரியை அடைகின்றன. பாசுபேட்டு உரங்களில் காட்மியம் மாசாகக் கலந்துள்ளது. முலாம் பூசும் தொழிற்கூடங்கள், தோல் பதனிடும் ஆலைகள் ஆகியவற்றின் கழிவுநீரில் குரோமியமும், பழைய வண்ணப்பூச்சு, மின்கலக் கழிவுகளில் ஈயமும் உள்ளன.

சேரும் முறை

வந்து சேரும் உலோகங்களின் பெரும்பகுதி களிமண், இரும்பு ஆக்சைடு ஆகியவற்றின் துகள்களில் ஒட்டிக்கொண்டு வண்டலில் படிகிறது. ஆனால் இப்படிவு நிலையானதன்று.

ஆழமான நீர்த்தேக்கங்களில் கோடைக்காலத்தில் வெப்பமான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிகின்றன. அடிநீரில் ஆக்சிசன் தீர்ந்தபின், பாக்டீரியாக்கள் அதற்கு மாற்றாக மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளைப் பயன்படுத்துகின்றன. அப்போது அவ்வாக்சைடுகள் கரையும் அயனிகளாகின்றன. அவற்றில் ஒட்டியிருந்த பிற உலோகங்களும் நீரில் விடுபடுகின்றன. குளிர்காலத்தில் அடுக்குகள் கலக்கும்போது இவை மேல்நீரை அடைகின்றன. பின்னர் இரும்பும் மாங்கனீசும் ஆக்சிசனுடன் வினைபுரிந்து மீண்டும் படிகின்றன.

ஆழம் குறைந்த ஏரிகளைக் காற்று அடிக்கடி கலக்கிவிடுவதால் நிலையான அடுக்குகள் உருவாவது அரிது. எனினும் கோடையில் நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் உலோகங்களின் செறிவு உயர்கிறது. நீரின் அமிலத்தன்மை கூடினாலும் கரைதிறன் கூடும்.

ஊசுட்டேரி

புதுச்சேரி நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள ஊசுட்டேரி, சுமார் 800 எக்டேர் பரப்புடைய ஆழம் குறைந்த ஏரியாகும். இது புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரண்டின் எல்லையிலும் பரவியுள்ளது. புதுச்சேரிப் பகுதி 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புதுச்சேரி நகரின் குடிநீர்த் தேவை பெரும்பாலும் நிலத்தடி நீரையே சார்ந்துள்ளது. அந்நீர் ஊறுவதற்கு இவ்வேரி துணைபுரிகிறது. எனவே வயல்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் ஏரிக்கு வரும் நீரின் தன்மை பறவைகள், மீன்கள் ஆகியவற்றோடு மட்டும் நின்றுவிடுவதன்று.

கொடைக்கானல் ஏரி

கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகிய மூன்றிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. வண்டலில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இச்சேர்மம் உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவடைகிறது.

வரம்புகள்

இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி (ஐ.எசு. 10500, 2012) ஒரு லிட்டர் நீரில் ஏற்கத்தக்க உச்ச அளவுகள்:

* ஈயம் - 0.01 மி.கி.
* காட்மியம் - 0.003 மி.கி.
* பாதரசம் - 0.001 மி.கி.

நீரை மட்டும் சோதித்தால் வண்டலில் தங்கியுள்ள உலோகம் தெரியவராது. ஆதலால் ஏரியின் நிலையை அறிய நீர், வண்டல் ஆகிய இரண்டையும் வெவ்வேறு பருவங்களில் ஆராய்தல் வேண்டும்.